அண்டங்களின் நடுப்புடைப்பு

கோடானுகோடி விண்மீன்களின் தொகுதியை அண்டம் என்கிறோம். அதன் வடிவத்தைப் பாடம் நடத்தும்போது, ஆப்பத்தையே நான் உவமையாகக் கூறுவது வழக்கம். ஆப்பத்தின் ஓரம் மெல்லியது, நடு தடித்தது. சுருள் அண்டங்கள் பலவும் அத்தகையனவே. அந்த நடுப்பகுதியைப் புடைப்பு என்போம். எல்லாப் புடைப்புகளும் ஓரினத்தன என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். அவை மூவகைப்படும் என்பது இன்றைய கருத்து.

முதலாவது, தொன்மைப் புடைப்பு. இது உருண்டு திரண்டிருக்கும். இதிலுள்ளவை பெரும்பாலும் முதிய, செந்நிற விண்மீன்கள். கூட்டை மொய்க்கும் தேனீக்களைப்போல் அவை பல திசைகளிலும் இயங்குகின்றன. அண்டங்கள் மோதி ஒன்றுகலந்தமையால் விளைந்த ஒழுங்கின்மை இது என்பர். எம் 81 என்னும் அண்டம் இதற்குச் சான்று.

இரண்டாவது, போலிப் புடைப்பு. இது தட்டையானது. இதன் விண்மீன்கள் செக்குமாடுபோல் ஒரே திசையில் சுற்றுகின்றன; இளம் விண்மீன்களும் இங்கே பிறக்கின்றன. இதற்கு மோதல் தேவையில்லை. அண்டத்தின் நடுவே அமைந்த விண்மீன் பட்டை, தட்டிலுள்ள வாயுவை மெல்ல மெல்ல மையத்துக்குச் செலுத்துகிறது. நூறு கோடி ஆண்டுக் கணக்கில் நடைபெறும் வேலை இது. எம் 94 இவ்வகையினது.

மூன்றாவது, பெட்டிப் புடைப்பு. முதிர்ந்த பட்டையின் விண்மீன்கள் தட்டுக்கு மேலும் கீழுமாக எழுந்து தாழ்வதால், பட்டை தடிக்கிறது. பக்கவாட்டில் நோக்கினால் அது பெட்டிபோலவோ, இடை சிறுத்த வேர்க்கடலைபோலவோ தோன்றும். ஒரே அண்டத்தில் இரு வகைகள் கலந்திருத்தலும் உண்டு.

நம் அண்டத்தின் புடைப்பு எவ்வகை? மையத்திலிருந்து நாம் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறோம். இடையே தூசி மறைக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களோ அத்தூசியை ஊடுருவி வரக்கூடியவை. 1989இல் ஏவப்பட்ட கோபி என்னும் செயற்கைக்கோள் அக்கதிர்களில் நோக்கியபோது, பெட்டி வடிவம் புலப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் வேர்க்கடலை வடிவத்தையும் காட்டின. தொன்மைப் புடைப்பு இங்கே இருப்பின், அது மிகச் சிறியதே என்று கணிக்கின்றனர்.

இதில் ஒரு புதிர் பிறக்கிறது. அண்டங்கள் மோதிக் கலந்தே வளர்ந்தன என்பது கொள்கை. அங்ஙனமாயின், நம் அண்டமும் அருகிலுள்ள வேறு சில பேரண்டங்களும் தொன்மைப் புடைப்பின்றி, மெல்லிய தட்டுக் குலையாமல் இருப்பது எவ்வாறு? இதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. உங்களில் ஒருவர் அதனைக் காணலாம்.

ஆடி மாத இரவில் தென்வானில் தனுசு இராசியைத் தேடிப் பாருங்கள். பால்வீதி அங்கே அகன்று ஒளிரும். நம் அண்டத்தின் புடைப்பு அத்திசையிலேதான் இருக்கிறது.