ஆலையும் கண்மாயும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் உள்ளது சேத்தூர். மலையினின்று இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்புகின்றன. கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும். நெல்லும் தென்னையும் செழிக்கும். அருகே இராஜபாளையத்தின் நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணித் தொழிலும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. நிலமும் ஆலையும் நமக்கு இரு கண்கள் அன்றோ? ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கலாகாது.

பஞ்சை நூலாக்குவதால் நீர் கெடுவதில்லை. துணியை வெளுப்பதற்கும் சாயமேற்றுவதற்கும் காரமும் உப்பும் வேண்டும். அக்கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் கலந்தால் கிணற்று நீர் உவர்க்கும். உவர்த்த மண் எளிதில் மீளாது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயனற்றுப் போனதென்ற ஆய்வு முடிவை, உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக் கூறியது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியையும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. திருப்பூரில் நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. விவசாயி நிலத்தின் பயனை இழந்தார். தொழிலாளி வேலை இழந்தார். முதலாளி முதலை முடக்கிக்கொண்டார். முன்கூட்டியே சட்டத்தைப் பேணியிருப்பின் மூவரும் பிழைத்திருப்பர்.

சட்டம் கூறுவது யாது? கழிவு நீரை வெளியேற்றும் ஆலை, 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணையைப் பெறுதல் வேண்டும். வாரியம் வைத்துள்ள இசைவாணைப் பதிவேட்டை, பாதிக்கப்படுவோர் பார்வையிட உரிமையுண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. நஷ்டஈடு கோருவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் அதனை அணுகலாம். பங்குச் சந்தையில் முன்னிற்கும் ஆயிரம் கம்பெனிகள், நீர்ப் பயன்பாட்டையும் கழிவையும் பற்றி ஆண்டுதோறும் அறிக்கையிட வேண்டுமென்பது 2022–23 முதல் கட்டாயமாயிற்று. அறிக்கை ஒன்றும் ஊர்க் கிணறு வேறொன்றும் சொல்லுமாயின், பழி கம்பெனியையே சேரும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. புதிய ஆலை வரும்போது, எவ்வளவு நீர் எடுக்கும், கழிவு எங்கே செல்லும் என்று கேட்டறிக. ஆலை ஓடத் தொடங்குமுன் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைப் பரிசோதித்து, முடிவைத் தேதியிட்டுப் பதிந்து வைத்திடுக. பின்னாளில் நீர் கெட்டது என்பதற்கு இதுவே சான்று. ஆண்டுதோறும் அதே கிணறுகளை மீண்டும் சோதித்திடுக. குறை காணின், முதலில் ஆலையாரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஒரு நகல் அனுப்புக.

இது ஆலையின்மீது பகை பாராட்டுவதன்று. நேர்மையாய்ச் சுத்திகரிக்கும் ஆலைக்கு ஊர்ப் பதிவேடே நற்சான்றாகும். கண்மாய் நீர் தெளிந்திருக்கும் ஊரில்தான் ஆலையின் சங்கும் தடையின்றி ஒலிக்கும்.