அழித்த தட்டில் அழியாத எழுத்து

பத்துமலைத் தைப்பூசத்தில் அப்பா காவடி எடுத்த காட்சி, அக்காவின் திருமண வரவேற்பு, அண்ணனின் பட்டமளிப்பு விழா என்று நம் குடும்ப நினைவுகள் எல்லாம் ஒரு காலத்தில் குறுந்தட்டுகளில்தான் குடியிருந்தன. இன்று கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் குறுந்தட்டு இயக்கியே கிடையாது. ஆகவே, வீட்டிலும் அலுவலகத்திலும் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் தட்டுகளை, “எதற்கு வீணாக இடத்தை அடைத்துக்கொண்டு?” என்று தூக்கி எறியும் காலம் இது.

எறிவதற்கு முன் ஒரு கேள்வி. “அழித்துவிட்டேன்” என்று நாம் நினைக்கும் தட்டு உண்மையிலேயே அழிந்திருக்கிறதா? மறுபதிவுத் தட்டுகளைப் பற்றி நான் கற்றதையும் நேரில் கண்டதையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தட்டுகள் மூவகை

பார்வைக்கு எல்லாத் தட்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே வேறுபாடு உண்டு. முதல் வகை, பாடல் தட்டுகளைப்போல் ஆலையில் அச்சிடப்படுபவை. இவற்றில் செய்தி நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கும். இரண்டாம் வகை, நாம் ஒரே ஒரு முறை எழுதக்கூடிய சிடி-ஆர், டிவிடி-ஆர். இவற்றில் ஒரு சாயப்படலம் உள்ளது. லேசர் ஒளி பட்ட இடத்தில் அச்சாயம் நிரந்தரமாக மாறிவிடும். கரியான காகிதம் மீண்டும் வெள்ளையாகாததுபோல் இதுவும் பழைய நிலைக்குத் திரும்பாது.

மூன்றாம் வகைதான் நம் பேசுபொருள். 1997இல் சந்தைக்கு வந்த சிடி-ஆர்டபிள்யூவும் அதன் பின்னர் வந்த டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி+ஆர்டபிள்யூ ஆகியவையும் எழுதி, அழித்து, மீண்டும் எழுதக்கூடியவை. சாயத்திற்குப் பதிலாக இவற்றில் ஓர் உலோகக் கலவை இருக்கிறது. சிடி-ஆர்டபிள்யூவில் வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெலூரியம் ஆகிய நான்கும் சேர்ந்த மெல்லிய படலம் அது.

சர்க்கரைப் பாகு சொல்லும் பாடம்

இக்கலவை செயல்படும் விதத்தை விளங்கிக்கொள்ள அடுப்படிக்குப் போனால் போதும். சர்க்கரைப் பாகை மெல்ல ஆறவிட்டால் படிகம் படிகமாகக் கற்கண்டு விளைகிறது. அதே பாகை நன்கு காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போன்ற மிட்டாயாக உறைகிறது. பொருள் ஒன்றே, அதன் உள்ளமைப்புதான் வேறு.

தட்டிலும் இதுவே நிகழ்கிறது. எழுதும்போது லேசர் அக்கலவையை ஏறத்தாழ 500 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி உருக்குகிறது. ஒளி நகர்ந்ததும் அப்புள்ளி நொடியில் குளிர்ந்து, படிகமற்ற நிலையில் உறைகிறது. இவ்விடம் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும். அழிக்கும்போது லேசர் தன் வலிமையைக் குறைத்து, உருகாத அளவுக்கு, சுமார் 200 பாகை வரை மட்டும் சூடாக்குகிறது. அணுக்கள் மீண்டும் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. ஒளி முன்போல் நன்கு பிரதிபலிக்கிறது. இவ்வகைப் பொருள்களின் நிலைமாற்றத்தைப் பற்றி அமெரிக்கரான ஸ்டான்ஃபோர்ட் ஒவ்ஷின்ஸ்கி 1968ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு சிடி-ஆர்டபிள்யூவை ஏறக்குறைய 1,000 முறை இவ்வாறு எழுதி அழிக்கலாம்.

ஆக, ‘அழித்தல்’ என்பது தட்டின் ஒவ்வொரு புள்ளியையும் லேசர் தொட்டுப் படிகமாக்கும் வேலை. தொடாத புள்ளியில் எழுத்து அப்படியே இருக்கும்.

விரைவு அழிப்பும் முழு அழிப்பும்

தட்டெழுதும் மென்பொருள்கள் பொதுவாக இரண்டு வழிகளை நம்முன் வைக்கும். ‘முழு அழிப்பு’ என்பது தட்டு முழுவதையும் லேசர் கடந்து செல்வது. 80 நிமிடத் தட்டை நான்கு மடங்கு வேகத்தில் அழிக்க ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். ‘விரைவு அழிப்பு’ ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். அவசர உலகில் நம்மில் பலர் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லவும் வேண்டுமா?

விரைவு அழிப்பு தட்டின் தொடக்கப் பகுதியில் உள்ள பொருளடக்கத்தை மட்டுமே நீக்குகிறது. ஒரு நூலின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, நூலையே எரித்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. இயக்கி பொருளடக்கத்தைத் தேடுகிறது, காணவில்லை, எனவே ‘தட்டு காலி’ என்று அறிவிக்கிறது. உள்ளே அத்தியாயங்கள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. மீட்பு மென்பொருளும் அதற்கேற்ற இயக்கியும் உள்ளவர் அவற்றைப் படித்துவிடக்கூடும். தட்டை யுஎஸ்பி விரலிபோல் பயன்படுத்தி, கோப்பை மட்டும் ‘டிலீட்’ செய்தாலும் இதே கதைதான்.

நான் கண்ட பெட்டி

பத்துமலை வட்டாரத்தில் ஒரு மறுபயிற்சி வகுப்பு இடம் மாறியபோது, பழைய பொருள்களை ஒழுங்குபடுத்த உதவப் போயிருந்தேன். ஒரு காலணிப் பெட்டி நிறைய தட்டுகள். சிலவற்றின்மேல் ‘கோசோங்’ என்று மை பேனாவால் எழுதியிருந்தது. பொறுப்பாசிரியர், “எல்லாம் அழிச்சாச்சு தம்பி. கம்ப்யூட்டரே காலின்னு காட்டுது. குப்பையில போட்டுடலாம்” என்றார்.

அவருடைய அனுமதியோடு ஒரு டிவிடி+ஆர்டபிள்யூவை வெளி இயக்கியில் இட்டு, மீட்பு மென்பொருளால் தேடினேன். சற்று நேரத்தில் மாணவர் பெயர்ப் பட்டியல் திரையில் வந்தது. பெற்றோரின் தொலைபேசி எண், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆசிரியர் வாயடைத்துப் போனார். அவர் அலட்சியமானவர் அல்லர். கணினி சொன்னதை நம்பியவர்.

நம் நாட்டு அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி; அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு; கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வங்கிக் கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இவ்வெண்ணோ வாழ்நாள் முழுவதும் நம்மோடு வருவது. அன்று பத்து வயதுச் சிறுவனாகப் பட்டியலில் இருந்தவர் இன்று கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயதில் இருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

குறுந்தட்டு என்றதும் சிலருக்கு 2000ஆம் ஆண்டின் ஒளித்தட்டுச் சட்டம் நினைவுக்கு வரும். அது தட்டு உற்பத்தியை உரிமத்தின்கீழ் கொண்டுவந்த சட்டம். தட்டில் உள்ள விவரங்களைக் காப்பது 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் வணிக நடவடிக்கைகளில் திரட்டப்படும் தரவுகளுக்குப் பொருந்தும். தேவை முடிந்த தரவை ஒழிக்கவோ நிரந்தரமாக அழிக்கவோ வேண்டும் என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது அதற்கு ஈடாகாது.

இனி என்ன செய்யலாம்?

முதலில், ஒவ்வொரு தட்டையும் போட்டுப் பாருங்கள். அப்பாவின் காவடி அதில் இருந்தால் உடனே வன்தட்டிற்குப் படியெடுங்கள். மறுபதிவுத் தட்டு நீண்டகாலச் சேமிப்புக்கு உகந்ததன்று.

இரண்டாவதாக, மறுபதிவுத் தட்டென்றால் முழு அழிப்பையே தேர்ந்தெடுங்கள். டிவிடி+ஆர்டபிள்யூவில் முழு அழிப்பு வசதி இல்லையெனில், தேவையற்ற கோப்புகளால் தட்டு நிரம்பும்வரை மேலெழுதுங்கள்.

மூன்றாவதாக, ஒருமுறை எழுதும் தட்டுகளையும் பழுதான தட்டுகளையும் உடைப்பதே வழி. சிடியின் செய்திப்படலம் பெயர் எழுதும் பக்கத்திற்குச் சற்றே கீழே இருப்பதால், அப்பக்கத்தை ஆழமாகச் சுரண்டினால் சிதைந்துவிடும். டிவிடியில் அப்படலம் இரு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் மேலே சுரண்டிப் பயனில்லை. பல துண்டுகளாக வெட்ட வேண்டும். வெட்டும்போது சில்லு தெறிக்கும். தடித்த துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்து செய்யுங்கள். தீயில் எரிப்பதும் நுண்ணலை அடுப்பில் வைப்பதும் வேண்டவே வேண்டாம், நச்சுப்புகை கிளம்பும்.

சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் பதிவு செய்யக்கூடிய புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஒளித்தட்டின் காலம் மெல்ல முடிந்துவருகிறது. தட்டைப் படிக்க இயக்கி வேண்டும்; முறையாக அழிக்கவும் அதே இயக்கிதான் வேண்டும். எனவே நண்பர்களே, இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது நண்பரிடமிருந்தாவது ஒரு வெளி இயக்கியை இரவல் வாங்கிச் செல்லுங்கள். அம்மா அலமாரியில் வைத்திருக்கும் தட்டுகளை அவரோடு அமர்ந்து பாருங்கள். காக்க வேண்டியதைக் காத்து, ஒழிக்க வேண்டியதை முழுமையாக ஒழித்துவிடுங்கள்.