இன்னும் ஒரேயொரு ஆட்டம்

புதிதாக நோர்வேக்கு வந்து சேர்ந்த ஒருவருக்கு எங்கே போனாலும் மொழி வேண்டியிருக்கிறது. கடையில் வேண்டும், பிள்ளையின் பாடசாலையில் வேண்டும், வைத்தியரிடம் போனால் கட்டாயம் வேண்டும். மொழியே வேண்டாத இடம் ஒன்று கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. நிற இனிப்புக்களைச் சேர்ப்பது, கடதாசிகளை அடுக்குவது, விழுகிற கட்டைகளைப் பொருத்துவது என்று பார்த்தவுடனேயே விளங்கிவிடுகிற சின்னச் சின்ன விளையாட்டுக்கள். எம்மவர் வீடுகளில் பெற்றோர் கவலைப்படுவதெல்லாம் பிள்ளைகளின் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்களைப் பற்றித்தான். ஆனால் பஸ்ஸிலும், வேலை இடைவேளையிலும், பிள்ளைகள் படுத்த பிறகு கட்டிலிலும் பெரியவர்களின் கையில் இருப்பது இந்தச் சாதுவான விளையாட்டுக்கள்தான். இவற்றைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. இவை எங்கிருந்து வந்தன, எப்படி எங்களைப் பிடித்து வைக்கின்றன என்று கொஞ்சம் பார்ப்போம்.

இந்தக் குடும்பத்தில் மூத்தது என்று ரெட்ரிஸைச் சொல்லலாம். 1984 இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணனி நிலையத்தில் வேலைசெய்த அலெக்சி பஜித்னோவ் என்பவர் செய்தது. அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிக்கா 60 என்ற கணனியில் படம் கீறும் வசதி கிடையாது. திரையில் எழுத்துக்கள் மட்டும்தான் வரும். ஆகவே அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே கட்டைகளைக் காட்டினார். நான்கு சதுரங்களைச் சேர்த்தால் ஏழு வடிவங்கள் வரும். அவை மேலிருந்து ஒவ்வொன்றாக விழும். இடைவெளி இல்லாமல் ஒரு வரிசை நிரம்பினால் அந்த வரிசை மறைந்துவிடும். இவ்வளவுதான் முழு விளையாட்டும். வடிம் கெராசிமோவ் என்ற 16 வயது மாணவன் அதை ஐ.பி.எம். கணனிக்கு மாற்றிக் கொடுக்க, தட்டுத் தட்டாகக் கைமாறிப் பரவியது. 1989 இல் ஜப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் தனது கேம்போய் கருவியை அமெரிக்காவில் விற்றபோது ரெட்ரிஸையும் பெட்டிக்குள் வைத்தே கொடுத்தது. உலகமெல்லாம் விளையாடியது. ஆனால் உரிமை சோவியத் அரசிடம் இருந்தபடியால், செய்த மனிதனுக்கு அதிலிருந்து ஒழுங்கான வருமானம் வரத் தொடங்கியது 1996 இல்தான்.

நான் மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். எனக்கு ரெட்ரிஸைப் பார்த்தால் எங்கள் பெல்ட்தான் ஞாபகம் வருகிறது. வருவது எது என்று நாங்கள் தெரிவு செய்ய முடியாது. வந்ததை வந்த வேகத்தில் பொருத்தி வைக்க வேண்டும். சரியாக அடுக்கிய பெட்டி கண்ணுக்கு முன்னால் நிற்பதில்லை, அது போய்விடும். பிழையாக வைத்ததுதான் அங்கேயே கிடந்து வழியை மறிக்கும். ரெட்ரிஸிலும் அப்படியே. நிரம்பிய வரிசை மறைந்துவிடும், ஓட்டை விழுந்த வரிசை மட்டும் குவியும். நன்றாகச் செய்தால் கிடைக்கும் பரிசு என்ன? பெல்ட் இன்னும் வேகமாக ஓடும். எட்டு மணித்தியாலம் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து சம்பளம் இல்லாமலும் செய்கிறோமே என்று நான் சில வேளை நினைத்துச் சிரிப்பதுண்டு.

ஆனால் அதற்குள் ஒரு சங்கதி இருக்கிறது. புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் செய்த ஆய்வை 1927 இல் வெளியிட்டார். முடித்த வேலையை மனிதன் மறந்துவிடுகிறான், பாதியில் நிற்கும் வேலைதான் மனதில் தங்கியிருந்து இழுக்கிறது என்பது அவர் கண்டது. ரெட்ரிஸில் வேலை ஒருநாளும் முடிவதில்லை. ஒரு ஓட்டையை அடைத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதோடு அதில் கடைசி வெற்றி என்பதே கிடையாது. வளைந்த இரண்டு வடிவங்கள் மாறி மாறி வந்துகொண்டேயிருந்தால் எந்தக் கெட்டிக்காரனும் கடைசியில் தோற்றே ஆகவேண்டும் என்று கணித அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பழைய நின்ரெண்டோ ரெட்ரிஸில் 157 ஆம் படிவரை போனான். அங்கே விளையாட்டே தாங்க முடியாமல் உறைந்து நின்றது. மனிதர் ஒருவர் அதை அந்த நிலைக்குக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

அடுத்தது கடதாசி. ஊரில் கடதாசி என்றால் 304 தான். ஒரு இனத்துக்கு 76 புள்ளிகள், நான்கு இனத்துக்கும் 304. மணலில் சாக்கு விரித்து நாலு பேர் இருந்தால், பார்க்க எட்டுப் பேர் நிற்பார்கள். கேள்வி கேட்பது, துரும்பை மறைப்பது, பங்காளியை ஏசுவது, பிறகு ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விளையாட்டு. கொம்பியூட்டரில் வந்த சொலிட்டேர் இதற்கு நேர் எதிரானது. ஆள் தேவையில்லை. 1990 இல் மைக்ரோசொப்டின் விண்டோஸ் 3.0 உடன் அது வந்தது. எழுதியவர் வெஸ் செரி. அங்கே பயிற்சிக்காக வந்திருந்த மாணவர். அதற்காக அவருக்குத் தனியாக ஒரு சதமும் கொடுக்கவில்லை. அந்த நாளில் பலருக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. ஒன்றை அழுத்திப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விடுவதைக் கடதாசி விளையாட்டு அலுப்பில்லாமல் பழக்கிவிட்டது.

பழக்கினது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. 2006 இல் நியூயோர்க் நகர மேயர் மைக்கல் புளூம்பேர்க், ஒரு நகர ஊழியரின் திரையில் சொலிட்டேரைக் கண்டுவிட்டு அவரை வேலையால் நிறுத்தினார். எத்தனை ஊழியர்கள் அன்று அவசரம் அவசரமாக விளையாட்டை மூடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சொலிட்டேரின் தம்பியான பிறீசெல் எனக்குப் பிடித்தது. எல்லாக் கடதாசியும் முகம் தெரிய விரித்திருக்கும், மறைவு ஒன்றும் இல்லை. பழைய விண்டோஸில் அதற்கு 32,000 இலக்கமிட்ட ஆட்டங்கள் இருந்தன. அவ்வளவிலும் தீர்க்க முடியாதது ஒன்றே ஒன்று, 11982 ஆம் இலக்கம். மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. தோற்றால் விதியையோ கையையோ குறை சொல்ல முடியாது. மைன்ஸ்வீப்பர் என்று மிதிவெடி தேடுகிற விளையாட்டு ஒன்றும் இருந்தது. கடினமான படியில் 480 கட்டங்களுக்குள் 99 வெடிகள். எங்கள் ஊரில் அதை வாழ்க்கையாகக் கண்டவர்களுக்கு அதில் என்ன பொழுதுபோக்கு இருக்கிறதோ தெரியாது. இப்படியான ஆட்சேபங்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. 2007 இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் வெடிகளுக்குப் பதிலாகப் பூக்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். பக்கத்து நாடான பின்லாந்திலிருந்து 1997 இல் நொக்கியா 6110 தொலைபேசியோடு வந்த பாம்பு விளையாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். விளையாட்டைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது அதுதான்.

இதுவரை சொன்னவை எல்லாம் எங்களிடம் எடுத்தது நேரத்தை மட்டும். பணம் கேட்கவில்லை. கொம்பியூட்டரை மூடினால் கூப்பிடவும் மாட்டாது. தொலைபேசியில் இப்போது இருப்பவற்றில் பல அப்படியில்லை. 2012 இல் வந்த கண்டி கிறஷ் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தது கிங் என்ற நிறுவனம், சுவீடனில் 2003 இல் தொடங்கியது. ஒரே நிறத்தில் மூன்று இனிப்பைச் சேர்த்தால் உடையும். இலவசம். ஆனால் ஐந்து உயிர்தான் தருவார்கள். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர அரை மணித்தியாலம். காத்திருக்கலாம், கூட்டாளிகளிடம் கேட்கலாம், அல்லது காசு கொடுக்கலாம். ஒரு இனிப்புக் குறைவால் தோற்ற நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். எப்போது வெல்லுவோம் என்று முன்கூட்டித் தெரியாது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துக் காட்டியது இதுதான். தீனி எப்போது விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டேயிருக்கும்.

2013 கடைசியில் கிங் நிறுவனத்தின் விளையாட்டுக்களை விளையாடியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 4 பேர்தான் காசு கொடுத்தார்கள். அந்த நாலு பேரின் காசே போதுமாயிருந்தது. 2016 இல் அந்த நிறுவனம் 590 கோடி டொலருக்குக் கைமாறியது. அதை வாங்கிய அக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் வாங்கியது. சொலிட்டேரைச் சும்மா தந்தவர்கள்தான் இன்று இனிப்புக்கும் சொந்தக்காரர். அந்தச் சொலிட்டேரும் பழையபடி இல்லை. 2015 இல் விண்டோஸ் 10 உடன் வந்தபோது இடையிடையே விளம்பரம் ஓடியது. விளம்பரம் வேண்டாம் என்றால் மாதச் சந்தா.

மாறாக நடந்த மனிதர் ஒருவரும் உண்டு. வியட்நாமின் ஹனோய் நகரத்தில் இருந்த டொங் நுயென் 2013 இல் ஒரு சின்னக் குருவி விளையாட்டைச் செய்தார். பெயர் பிளாப்பி பேர்ட். திரையைத் தட்டினால் குருவி எழும்பும், குழாயில் முட்டினால் சாகும். 2014 தொடக்கத்தில் விளம்பரத்தால் ஒரு நாளுக்கு 50,000 டொலர் வரை வருகிறது என்று செய்தி வந்தது. பெப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். சனம் அதற்கு அடிமையாகிவிட்டது, அதனால் நிறுத்தினேன் என்றார்.

பணம் பற்றி ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாயின் தொலைபேசியில் மகன் விளையாடினான். ஒவ்வொரு முறையும் சிறு தொகை, ஒரு பால் பெட்டியும் பாணும் வாங்கும் காசு. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது வாடகைக்கு வைத்திருந்ததில் கைவைக்கப்பட்டிருந்தது. பிள்ளைக்கு அது காசு என்றே தெரியாது, அவன் வாங்கியது தங்கக் கட்டி. இது எங்கள் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்கியவற்றுக்காக 2014 இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு அப்பிள் நிறுவனத்தை 325 இலட்சம் டொலரும், கூகிள் நிறுவனத்தை 190 இலட்சம் டொலரும் திருப்பிக் கொடுக்க வைத்தது. தொலைபேசியின் கடைப் பகுதியில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வைக்கலாம். அந்தக் கடவுச்சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். காசு போய்விட்டால் அதே கடைக்கு உடனே எழுதித் திருப்பிக் கேளுங்கள்.

இனி இரவு விளையாடுகிறவர்களைப் பற்றி. எங்கள் சனத்தில் சிலர் பொழுதுபோக்குக்காக விளையாடுவதில்லை. கண்ணை மூடினால் வருகிற காட்சிகளுக்குப் பயந்து விளையாடுகிறார்கள். வீட்டார் அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசுகிறார்கள். 2009 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் எமிலி ஹோம்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் சிலருக்குக் கோரமான காட்சிகள் உள்ள படத்தைக் காட்டி, அரை மணித்தியாலம் கழித்து ஒரு பகுதியினரை மட்டும் 10 நிமிடம் ரெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். அடுத்த ஒரு கிழமையில் விளையாடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் குறைவாகவே திரும்பி வந்தன. சொற்களை வைத்துக் கேட்கும் வினாவிடைப் போட்டியால் இந்தப் பலன் வரவில்லை. படமாக வரும் நினைவுக்குப் படமாக உள்ள வேலைதான் குறுக்கே நிற்கிறது என்பது அவர்கள் விளக்கம். 2017 இல், வாகன விபத்தில் சிக்கி வைத்தியசாலைக்கு வந்த 71 பேரோடு, விபத்து நடந்து ஆறு மணித்தியாலத்துக்குள் செய்து பார்த்தபோதும் அப்படியே கண்டார்கள்.

இதை வைத்து ரெட்ரிஸ் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சம்பவம் நடந்த உடனே, ஆய்வாளர் பக்கத்தில் இருந்து, கொஞ்ச நேரம் மட்டும் செய்தது. வருடக்கணக்காகக் கூட வருகிற நினைவுக்கு விடியும்வரை இனிப்பு உடைப்பது வேறு விஷயம். அப்படியானவர்கள் குடும்ப வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். வீட்டில் உள்ளவர்களும் தொலைபேசியைப் பறிப்பதற்கு முன்னால் ஏன் நித்திரை வரவில்லை என்று ஒருக்கா கேட்டுப் பார்ப்பது நல்லது.

விளையாடத்தான் வேண்டும் என்று இருக்கிறவர்களுக்கு இந்த நாட்டுச் சரக்கு ஒன்று இருக்கிறது. வேர்ட்பியூட். 2010 இல் நோர்வேக்காரர் ஒருவர் செய்தது. எழுத்துக்களைப் பலகையில் அடுக்கிச் சொல்லாக்க வேண்டும். தனியே விளையாட முடியாது, எதிரில் ஒரு ஆள் வேண்டும். நோர்வேஜிய மொழியிலேயே விளையாடலாம். எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் வாயே திறக்காத நோர்வேக்காரர்கூட, இதில் ஒரு நல்ல சொல் வைத்தால் அடுத்த நாள் அதைப் பற்றிக் கதைக்க வந்துவிடுவார். தொடக்கத்தில் தோற்றுக்கொண்டேதான் இருப்பீர்கள். ஒரு சொல் வைக்க 72 மணித்தியாலம் தருகிறார்கள். அதற்குள் அகராதியைப் புரட்டலாம், பாடசாலையால் வரும் பிள்ளையிடம் கேட்கலாம், மொழி வகுப்பு ஆசிரியையிடமும் கேட்கலாம். அதை யாரும் அளாப்பல் என்று சொல்லப்போவதில்லை.