ஆலையும் அடுப்பும்

தொழிற்சங்கத்தில் சேருவதையும் வேலை நிறுத்தத்தில் இறங்குவதையும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகளாகக் கருதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மகன் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்ட தாய், நாளையே அவன் ஆலை வாசலில் கொடியோடு நிற்பானென்று கலங்குகிறாள். முதலாளியும், வேறு காரணம் பற்றியேயாயினும், அதே கலக்கத்தைத்தான் கொள்கிறார். ஆயினும் இவ்விரண்டும் தன்மையிலேயே வேறானவை. சங்கத்தில் சேரக் கையொப்பம் ஒன்றும் சொற்பச் சந்தாவும் போதும். மனம் ஒப்பாவிடில் பிறகு விலகிக்கொள்ளவும் செய்யலாம். வேலை நிறுத்தமோ, விற்பதற்குத் தன் உழைப்பொன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத மனிதன், அதையும் விற்கமாட்டேன் என்று மறுத்து, மனைவி மக்களின் வயிற்றைப் பணயமாக வைத்து, எதிரியின் பொறுமையைச் சோதிக்கும் காரியம். முன்னதற்குச் சிறிது துணிவு வேண்டும். பின்னதற்குத் துணிவு எவ்வளவு இருந்தாலும் போதாது, கணக்கும் வேண்டும்.

அக்கணக்கை நம் நாட்டார் எப்படிக் கற்றார்கள் என்பதை அறியப் பெரம்பூருக்குப் போக வேண்டும். பின்னி கம்பெனியார் நிர்வகித்து வந்த பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பஞ்சாலைகளில் அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குவதைச் சட்டமே அனுமதித்திருந்தது. நடுப்பகலில் விடப்பட்ட அரை மணி நேரத்துக்குள் தறியை விட்டு வெளியே வந்து, கைகால் கழுவி, நெரிசலில் இடம் பிடித்து, கொண்டுவந்த சோற்றை விழுங்கிவிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். தாமதித்தால் தண்டம், முணுமுணுத்தால் மேஸ்திரியின் ஏச்சு. இக்குறைகளைத் தொழிலாளர் முறையிட்டுக் கொண்டது வக்கீலிடமுமன்று, அரசியல் தலைவரிடமுமன்று. செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்னும் இரு வியாபாரிகளிடம். இவர்கள் நடத்தி வந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் பக்திப் பிரசங்கம் கேட்க மாலையில் கூடியவர்களுள் பலர் மில் தொழிலாளரே. அங்கே பிரசங்கம் செய்தவர்களுள் ஒருவர் திரு.வி.கலியாணசுந்தரனார். பக்திக்காகக் கூடிய கூட்டம் கூலியைப் பற்றியும் பேசத் தொடங்கிய அந்த மாறுதலில் வியப்பில்லை. நம்பிப் பேசுவதற்கு ஓர் இடமும், நம்பத்தக்க இருவரும் வாய்த்தாலன்றி எந்தச் சங்கமும் பிறப்பதில்லை.

அவ்விருவரும் அன்னிபெசண்ட் அம்மையாரின் சகாவும் பார்ஸி வகுப்பினருமான பி.பி.வாடியாவை நாடினர், 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவரானார். முறையான அங்கத்தினர் பட்டியலும் சந்தாவும் கொண்டு இந்தியாவில் எழுந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் இதனையே குறிப்பிடுவர்.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. சங்கம் பிறந்த புதிதில், வேலை நிறுத்தம் செய்தே தீருவோம் என்று கொதித்தெழுந்தவர்கள் தொழிலாளர்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தியவர் சங்கத் தலைவர். உலக மகாயுத்தம் முடியாத காலம்; போர்முனைக்குச் செல்லும் காக்கித் துணி இவ்வாலைகளில் நெய்யப்பட்டு வந்தது; இந்நேரத்தில் வேலையை நிறுத்தினால் போர்வீரருக்குத் துணி தடைப்படும், பழியும் நம்மேல் வரும் என்று வாடியா வாதித்தார். அவ்வாண்டு இறுதிக்குள் ஆலையின் கதவை அடைத்துத் தொழிலாளரை வெளியே நிறுத்தியது நிர்வாகமேயன்றிச் சங்கமன்று. சங்கம் என்றால் வேலை நிறுத்தம் என்று அஞ்சுவோர் இந்நிகழ்ச்சியை மறந்துவிடுகின்றனர். சங்கமில்லாத ஆலையில் ஒரு மேஸ்திரியின் கைநீட்டலோ, ஒரு நாள் கூலிப்பிடித்தமோ போதும், ஒரு பகுதி கொதித்து வெளியே வந்துவிடும். அதைப் பேசித் தீர்க்க ஆளிராது, எப்போது உள்ளே திரும்புவதென்று முடிவு கட்டவும் ஆளிராது. வேலை நிறுத்தம் செய்யும் ஆற்றலைப் போலவே, செய்யாமல் காத்திருக்கும் ஆற்றலையும் சங்கமே தருகிறது. இரண்டினுள் பின்னதே அருமையானது என்பது என் எண்ணம்.

அந்தச் சங்கத்தின்மேல் கம்பெனியார் 1920-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. இங்கிலாந்தில் ஏற்கெனவே சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றிருந்த செயல், இங்கே ஒரு மனிதரின் சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவரக் கூடியதாயிருந்தது. முடிவில் சமரசம் ஏற்பட்டது. வாடியா சங்கத் தொடர்பை விட்டு விலக நேர்ந்தது. இவ்வழக்கு எழுப்பிய கலக்கத்தின் பயனாகத் தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் 1921-இல் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் வழியே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற சங்கத்தின்மீதும் அதன் நிர்வாகிகள்மீதும், தொழில் தகராறு பற்றி எழும் காரியங்களுக்காக இவ்வகைச் சிவில் வழக்குத் தொடுக்க முடியாது என்ற காப்பு அதனால்தான் வந்தது. இன்று நிர்வாகிகளாயிருப்போரில் எத்தனை பேருக்கு இந்தப் பூர்வகதை தெரியுமோ!

இனி அடுப்பின் கதைக்கு வருவோம். வேலை நிறுத்தத்தின் வெற்றியைப் பேச்சாளரின் குரல் தீர்மானிப்பதில்லை, இரண்டாம் வாரத்து அரிசிப் பானை தீர்மானிக்கிறது. தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி இறுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தியபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசியதோடு நில்லாமல், ஊராரிடமும் வணிகரிடமும் உதவி திரட்டித் தொழிலாளரின் உணவுக்கு வழி செய்தனர். ஊரே அவர்கள் பக்கம் நின்றது. வேலை நிறுத்தத்தை இகழ்ந்து பேசிய ஒரு கனவானுக்குப் பாதி முகத்தை மழித்த நிலையில் நாவிதர் எழுந்து போய்விட்டார் என்ற கதை இன்றும் அப்பக்கத்தில் சொல்லப்படுகிறது. ஏறத்தாழ ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. போராட்டம் குறுகியது, கோரிக்கை தெளிவானது, ஊர் துணை நின்றது. இம்மூன்றும் ஒருங்கே அமைவது அபூர்வம்.

அகமதாபாத்தில் அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1918-ஆம் ஆண்டு, பெரம்பூர்ச் சங்கம் பிறப்பதற்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பு, பிளேக் நோய்க்காலத்துப் படியை நிறுத்தியது பற்றி எழுந்த தகராறில், தொழிலாளர் கூலியில் 50 சதவீத உயர்வு கேட்டனர். ஆலை முதலாளிகள் 20 சதவீதத்துக்குமேல் தர மறுத்தனர். காந்தியடிகள் முதலில் செய்த காரியம் விலைவாசியையும் பம்பாய்க் கூலியையும் ஆராய்ந்து, நியாயமானது 35 சதவீதமே என்று கண்டு, தம் பக்கத்தாரையே அந்த அளவுக்கு இறங்கி வரச் செய்தது. பிறகே பிரதிக்ஞை எடுக்கச் செய்தார். அவர் விதித்த நிபந்தனைகள் நான்கு: பலாத்காரம் கூடாது; வேலைக்குப் போகிறவனைத் துன்புறுத்தலாகாது; பிறர் பிச்சையை நம்பலாகாது; எவ்வளவு காலம் நீடித்தாலும் உறுதி தளராது, அக்காலத்தில் வேறு நேர்மையான உழைப்பால் பிழைக்க வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் வெறும் நீதிபோதனையல்ல, அவை பொருளாதாரம். சபர்மதி ஆசிரமத்தில் கட்டப்பட்டு வந்த நெசவுச்சாலைக்கு மண் சுமக்கும் வேலை தொழிலாளருக்குத் தரப்பட்டது. அப்படியிருந்தும் மூன்றாம் வாரத்தில் உறுதி தளர்ந்தது. தொழிலாளர் வசிக்கும் பகுதியில், காந்திக்கும் அவரோடு வருபவர்களுக்கும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பட்டினி எங்களுக்குத்தானே என்ற முணுமுணுப்பு எழுந்தது. அடிகள் உண்ணாவிரதம் தொடங்கியதற்கு அந்த முணுமுணுப்பும் ஒரு காரணம். முதலாளிகளின் முன்னணியில் இருந்தவர் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்தாள் அனசூயா பென் என்பது ஒரு விந்தை. முடிவில் நடுவர் வழங்கிய தீர்ப்பு 35 சதவீதமே.

தோல்வியின் பாடத்துக்கு மீண்டும் பெரம்பூருக்கே திரும்ப வேண்டும். 1921 மே மாதத்தில் கர்நாடிக் மில்லில் தொடங்கிய வேலை நிறுத்தம் ஜூனில் பக்கிங்காம் மில்லுக்கும் பரவி, ஏறத்தாழ ஆறு மாதம் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளருள் மிகப் பலர் வேலைக்குத் திரும்பினர், ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி.ராஜா இவர்களுக்கு ஆதரவாக நின்றார். விளைவு பயங்கரமானது. புளியந்தோப்புப் பகுதியில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில் அருகருகே நின்றவர்கள் தெருவில் ஒருவரையொருவர் தாக்கிக் கொண்டனர். போலீஸார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை நாடு கடத்துவதாக அச்சுறுத்துமளவுக்கு நிலைமை முற்றியது. அக்டோபரில் தொழிலாளர் குறிப்பிடத்தக்க பலன் ஏதுமின்றி ஆலைக்குத் திரும்பினர்.

வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது அன்றும் எளிது, இன்றும் எளிது. ஆனால் அன்றாடங்காய்ச்சியாய், அடகு வைக்க ஒரு நகையுமின்றி, கடன் கொடுக்கும் உறவினருமின்றி இருந்த சேரிவாசிக்கும், ஊரில் ஓரளவு காணி நிலமோ கைத்தொழிலோ உடைய சாதி இந்துத் தொழிலாளிக்கும் ஆறு மாதம் என்பது ஒரே நீளமுடையதன்று. தெருவில் தன்னைத் தொடக்கூசுகிறவன், ஆலை வாசலில் மட்டும் தோழா என்றழைத்தால் அவ்வழைப்பை எவ்வளவு தூரம் நம்புவது என்ற கேள்வியும் அவனுக்கு இருந்திருக்கும். மாகாண அரசாங்கமும் நிர்வாகமும் இப்பிளவைத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டன என்பது மெய். ஆனால் பிளவை அவர்கள் உண்டாக்கவில்லை, இருந்ததைக் கண்டுகொண்டார்கள், அவ்வளவே. எனவே, வேலை நிறுத்தத்துக்குக் கை தூக்கும் முன் ஒரு தொழிலாளி தன் வீட்டுக் கணக்கை மட்டும் போட்டால் போதாது. தன்னைவிட வறியவனான பக்கத்து இயந்திரத்துக்காரனின் கணக்கையும் போட வேண்டும். இன்றைக்கு அந்த இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறான். நிரந்தரத் தொழிலாளர் மட்டும் கூடித் தீர்மானித்து, ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்ப்பவனைக் கேளாமலே வெளியேறும் வேலை நிறுத்தம், அவன் இயந்திரத்தை ஓட்டும்போது வியப்படைய உரிமையற்றது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சங்கம் அமைப்பது அரசியல் சாசனம் தந்த அடிப்படை உரிமை. வேலை நிறுத்தம் அவ்வாறன்று என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே கூறியது. 2003-இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டபோது, அரசு ஊழியருக்கு வேலை நிறுத்தம் செய்யத் தார்மிக உரிமையும் இல்லை என்று அதே மன்றம் மேலும் கடுமையாகச் சொல்லியது. இத்தீர்ப்பின் நியாயத்தை இன்றளவும் பலர் மறுக்கின்றனர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு நோட்டீஸ் கொடாமல் வேலையை நிறுத்தலாகாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாளும் கூடாது. பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலை நிறுத்தமாகவே கொள்ளப்படும். மீறிய தொழிலாளிக்கு ஆயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ, ஒரு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்துக்கு உட்பட்டதாயும் நியாயமானதாயும் இருந்தாலன்றி வேலை நிறுத்த நாட்களுக்குச் சம்பளம் கேட்க இயலாது என்பது முன்பே நிலைபெற்ற தீர்ப்பு.

சங்கத்தில் சேருவது எளிதென்று தொடக்கத்தில் சொன்னது சட்டத்தை நோக்கியே. நடைமுறையில் அதுவே போராட்டத்தின் பொருளாகிவிடுவதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் நீண்ட வேலை நிறுத்தத்தின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று, தாங்கள் அமைத்த சங்கம் பதிவு செய்யப்பட்டு அங்கீகாரம் பெற வேண்டும் என்பது. நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2025 ஜனவரியில்தான் பதிவு கைகூடியது.

ஆகவே வாசலில் நடக்கும் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லும்போது, தயங்குகிறவனைக் கோழை என்று எண்ணாமல், அவன் கேட்கும் கேள்விகளுக்கு நிர்வாகிகள் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். நோட்டீஸ் கொடுத்தாயிற்றா? சங்கத்தின் கையிருப்பு எத்தனை நாளுக்கு, எத்தனை குடும்பத்துக்கு வரும்? எந்தக் கோரிக்கையில் எதுவரை இறங்கி வரலாம் என்பதை முன்கூட்டித் தீர்மானித்திருக்கிறார்களா, அல்லது பேச்சு மேடையிலேயே முடிவாகப் போகிறதா? வாக்கெடுப்பு இரகசியமாக நடக்குமா? கை தூக்கும் வாக்கெடுப்பில் பக்கத்திலிருப்பவனைப் பார்த்தே பாதிக் கைகள் எழும். அவ்வகையில் எழுந்த கைகள்தாம் இரண்டாம் வாரத்தில் முதலில் தாழ்கின்றன. எதிர்த்து வாக்களித்தவன் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட வேண்டுமா என்றால், அவன் சொல்லைக் கேட்டபின் எடுத்த முடிவாயின் கட்டுப்படுவதே முறை என்பேன். கேளாமல் எடுத்ததாயின் அவனைக் குறை கூற எனக்கு மனமில்லை.

கடைசியாக ஒன்று, பெரும்பாலும் மறக்கப்படுவது. வேலை நிறுத்தம் முடியும் நாளில், வெற்றி ஊர்வலத்துக்கு மாலை வாங்க ஓடுவதற்கு முன், ஒப்பந்தத்தில் கூலி உயர்வு எழுதிய பக்கத்தைப் புரட்டிவிட்டு, பழிவாங்கும் நடவடிக்கை எவர்மீதும் இராது, இடைநீக்கம் செய்யப்பட்டவர் அனைவரும் பழைய பணியிலேயே சேர்த்துக் கொள்ளப்படுவர் என்ற ஷரத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உள்ளே போனவர்களுள் முன்னணியில் நின்ற பத்துப் பேர் அடுத்த ஆண்டுக்குள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். அவர்களுக்காக இன்னொரு வேலை நிறுத்தம் செய்ய அப்போது எந்த வீட்டிலும் அரிசி மிஞ்சியிராது.