கடிகாரத்தைக் கவனிக்காத காலம்

2000-களின் தொடக்கத்தில் ரெட் ஹேட் லினக்ஸ் போட்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு நினைவிருக்கும். கறுப்புத் திரையில் சர்வீஸ்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். வலது ஓரத்தில் பச்சையாய் ஓர் ‘ஓகே’ விழும். ‘சென்ட்மெயில்’ வரியில் மட்டும் எல்லாம் உறைந்துவிடும். புதியவர்கள் கணினி செத்துவிட்டதென்று சுவிட்சை அணைப்பார்கள். பழகியவர்கள் டீ குடிக்கப் போவார்கள். கோளாறு சென்ட்மெயிலிடம் இல்லை. தான் இருக்கும் கணினியின் முழுப் பெயரை அது டிஎன்எஸ்ஸிடம் கேட்டுக்கொண்டிருக்கும். கேபிளே செருகாத கணினிக்கு யார் பதில் சொல்வது? ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

அன்று எல்லாமே ரேஷன் கடை வரிசைதான். எஸ்10 நெட்வொர்க், எஸ்55 எஸ்எஸ்எச், எஸ்80 சென்ட்மெயில் என்று கோப்பின் பெயரிலேயே டோக்கன் எண் இருக்கும். முன்னால் நிற்பவர் மயங்கினால் பின்னால் நிற்பவருக்கும் அரிசி கிடையாது. ஆனால் யார் மயங்கினார் என்று கண்ணால் பார்க்கலாம். தொடங்கிவைப்பது வெறும் ஷெல் ஸ்கிரிப்ட். திறந்து படித்தால் எங்கே இடறுகிறது என்று தெரியும். தொடங்கிய சர்வீஸ் நள்ளிரவில் செத்தால் மட்டும் கேட்க நாதியில்லை. காலையில் யாராவது போன் செய்து திட்டும்போதுதான் தெரியும்.

2010 ஏப்ரலில் லென்னார்ட் பாட்டரிங் இந்த வரிசைக்கு மாற்றாக சிஸ்டம்டியை அறிவித்தார். மறு ஆண்டே ஃபெடோரா 15 அதை ஏற்றது. டெபியனில் பெரிய சண்டையே நடந்தது. பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். நானும் மனத்தளவில் அந்தக் கட்சிதான். லாக் என்றால் எந்தக் கருவியாலும் படிக்கக்கூடிய எழுத்தாக இருக்க வேண்டும், பைனரியாக அடைத்து வைக்கக் கூடாது என்று வாதாடியவன். இன்று ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று அடித்தால், சர்வீஸ் எப்போது விழுந்தது, எந்தக் குறியீட்டோடு விழுந்தது, கடைசிப் பத்து வரிகளில் என்ன புலம்பியது என எல்லாம் ஒரே திரையில் வருகிறது. விழுந்ததைத் தானே தூக்கி நிறுத்தவும் ஒரு வரி எழுதினால் போதும். வாதத்தில் தோற்றுவிட்டேன், வருத்தமில்லை.

நெட்வொர்க்கில் வந்த மாற்றத்தைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு கார்டு உள்ள சர்வரில் ரீபூட்டுக்குப் பின் எத்0, எத்1 இடம் மாறிக்கொள்ளும் கொடுமை போய்விட்டது. 2013 முதல் கார்டு செருகிய இடத்தை வைத்தே பெயர் வருகிறது. இஎன்பி3எஸ்0 என்பதை போனில் சொல்லிப் புரியவைப்பது தனித் திறமை. ‘இஃப்கான்ஃபிக்’ போய் ‘ஐபி’ வந்தது; விரல்கள் இன்னும் பழையதைத்தான் அடிக்கின்றன. டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்க ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் பல கணினிகளில் 127.0.0.53 என்று நிற்கிறது. அதாவது, ‘என்னைக் கேட்காதே, உள்ளே இன்னொருவர் இருக்கிறார்’ என்று பொருள்.

பெரிய மாற்றம் கடிகாரத்தில்தான். கணினிகளின் நேரத்தை நெட்வொர்க் வழியே ஒத்துவைக்க டேவிட் மில்ஸ் வகுத்த என்டிபி 1985-லேயே ஆவணமாகிவிட்டது. ஆனாலும் பல அலுவலகங்களில் கணினியின் நேரத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று படிக்கும். காலை பத்து மணிக்கு விண்டோஸ் நாலரை காட்டும், சிரித்துவிட்டுத் திருத்துவோம். வித்தியாசம் 1000 விநாடியைத் தாண்டினால் என்டிபி சர்வீஸே ‘என்னால் ஆகாது’ என்று நின்றுவிடும். நின்றதும் தெரியாது.

முதல் அடி 2012 ஜூலை 1-ஆம் தேதி விழுந்தது. உலக நேரத்தில் ஒரு லீப் விநாடி சேர்ந்தது. நமக்கு அது விடியற்காலை 5.30. கர்னலில் இருந்த ஒரு பிழையால் பல நாடுகளில் லினக்ஸ் சர்வர்களின் சிபியு காரணமில்லாமல் கொதித்தது. மருந்து வேடிக்கையானது. கணினி காட்டும் நேரத்தை எடுத்து, அதையே அதற்குத் திரும்ப அமைத்தால் அடங்கிவிடும்.

இன்று எச்டிடிபிஎஸ் இல்லாத வாசல் இல்லை. ஒவ்வொரு சான்றிதழிலும் ‘இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை’ என்று எழுதியிருக்கிறது. அதை ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கணினியின் கடிகாரம். அது பின்தங்கினால் நேற்று வாங்கிய சான்றிதழ் ‘இன்னும் பிறக்கவில்லை’ ஆகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் மின்தடைக்குப் பின் சர்வர் எழுந்தது. பிங் போகிறது, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை. கேபிளை மாற்றினேன், டிஎன்எஸ்ஸை இருமுறை மாற்றினேன், ஸ்விட்ச்சைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ‘டைம்டேட்சிடிஎல்’ அடித்தேன். கணினி மூன்று ஆண்டு பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தது. நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி சர்வீஸ் பச்சை விளக்குடன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஃபயர்வாலில் யுடிபி 123 போர்ட்டை யாரோ அடைத்து வைத்திருந்ததால் நேரம் கேட்கவே அதற்கு வழியில்லை. சர்வீஸ் நலம், நெட்வொர்க் நலம், கடிகாரம் மட்டும் இல்லை. அதனால் எதுவுமே இல்லை.

ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. வாங்கியவர்கள் இதை ஒரு நாள் எதிர்கொள்ளத்தான் வேண்டும். சான்றிதழ் பிழை என்று திரை சொன்னால், கேபிளைத் தொடுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.