உருவொற்றுமையும் அளவொற்றுமையும்: தன்னியக்கக் கியர்ப்பெட்டிகளின் பாகமாற்றம்

1908 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலுள்ள புறூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் ஒரு சோதனை நடைபெற்றது. அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற மூன்று கடிலாக் கார்களை, றோயல் ஒட்டோமொபைல் கழகத்தாரின் மேற்பார்வையில் முற்றாகக் கழற்றினர். கழற்றிய பாகங்களை ஒன்றோடொன்று கலந்தனர். அவற்றுட் சிலவற்றை நீக்கி, அவற்றினிடத்தில் விற்பனைக் களஞ்சியத்திலிருந்து எடுத்த பாகங்களை வைத்தனர். பின்னர் சாதாரணமான கருவிகளைக் கொண்டே அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று கார்களைப் பூட்டினர். அராவிப் பொருத்துதற்கு இடமளிக்கப்படவில்லை. அம்மூன்று கார்களும் 500 மைல் ஓடிக் காட்டின. அவ்வாண்டுக்குரிய டூவர் கிண்ணம் கடிலாக் நிறுவனத்தைச் சேர்ந்தது.

இச்சோதனை உணர்த்திய உண்மை எளியது. அக்காலத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில், ஒவ்வோர் உறுப்பும் அது சேரவேண்டிய இயந்திரத்துக்கெனவே அரத்தினால் அராவப்பட்டுப் பொருத்தப்பட்டது. ஆதலின் ஓர் இயந்திரத்தின் உறுப்பு அதே வகையைச் சேர்ந்த இன்னோர் இயந்திரத்துக்கும் அந்நியமாகவே இருந்தது. கடிலாக் நிறுவனத்தை நடத்திய ஹென்றி லீலண்ட் என்பார் துப்பாக்கித் தொழிலிலும் நுண்கருவித் தொழிலிலும் பயின்றவர். அளவு செம்மையாயின் அரத்துக்கு வேலையில்லை என்பதை அவர் உலகறிய நிறுவினார். ஆயின் அங்குக் கலக்கப்பட்டவை ஒரே வகைக் கார்களின் பாகங்களேயாம். வகையால் வேறுபட்ட இயந்திரங்களுக்கிடையே பாகங்களை மாற்றலாமோ என்னும் வினா அதனினும் கடியது. பழைய நாற்சில்லு இயக்கப் பாரவண்டிகளைப் பேணுவோர் எதிர்கொள்வது இவ்வினாவையே.

1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற ஜீப், செவ்ரலே, டொட்ஜ், போர்ட், இன்ரர்நஷனல் வண்டிகளுட் பல இன்றும் பேணப்பட்டு ஓடுகின்றன. அவற்றிலுள்ள தன்னியக்கக் கியர்ப்பெட்டிகளை மூல நிறுவனங்கள் ஆக்குவதை நிறுத்தி நெடுங்காலமாயிற்று. எனவே, பழுதுற்ற ஒரு பெட்டியைச் சீர்செய்யும்பொருட்டுக் கைவிடப்பட்ட காரொன்றின் பெட்டியைத் தேடுதல் வழக்கமாயிற்று. சரியான பாகம் ஒரு வண்டிக்கு மறுவாழ்வு அளிக்கும். தவறான பாகம் இரண்டு பெட்டிகளையும் அழிக்கும். மலைச்சரிவிலாயின் ஆளையும் அழிக்கக்கூடும். ஆதலின் இது வெறும் சிக்கனம் பற்றிய பேச்சன்று. அறிவு பற்றிய பேச்சுமாகும்.

இவ்வினாவுக்கு விடை காணுமுன் தன்னியக்கக் கியர்ப்பெட்டியின் தொழிற்பாட்டைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையில் இருப்பது முறுக்கு மாற்றி. எண்ணெய் நிறைந்த அதன் கூட்டினுள் எஞ்சினாற் சுழலும் தகடுகள் எண்ணெயை வீச, எதிரேயுள்ள தகடுகள் அவ்வீச்சினாற் சுழல்கின்றன. இடையிலுள்ள மூன்றாவது தகட்டு வரிசை எண்ணெயின் திசையைத் திருப்பி முறுக்கத்தைப் பெருக்குகிறது. இம்முறையைக் கப்பல்களின் பொருட்டு வகுத்து 1905 இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் ஜேர்மானியப் பொறியியலாளராகிய ஹேர்மன் பெற்றிங்கர். முறுக்கு மாற்றிக்குப் பின்னே கோட்பற்சில்லுத் தொகுதிகள் உள்ளன. ஞாயிற்றைக் கோள்கள் சூழ்வதுபோல நடுப்பற்சில்லைச் சிறு பற்சில்லுகள் சூழ, அவற்றை வெளியே ஒரு வளையப் பற்சில்லு தழுவி நிற்கும். இவற்றுள் ஒன்றை அசையாது பிடித்தும் இன்னொன்றை எஞ்சினோடு பிணைத்தும் வெவ்வேறு கியர்கள் பெறப்படுகின்றன. பிடிப்பனவும் பிணைப்பனவும் கிளச்சுத் தட்டுகளும் பட்டிகளுமாகும். அவற்றை அழுத்துவது எண்ணெய். எண்ணெயை உந்துவது பம்பி. எந்த வேளையில் எங்கே செல்லவேண்டுமென்று எண்ணெய்க்கு வழிவகுப்பது வால்வுத் தொகுதி.

இத்தகைய பெட்டிகளுள் பெருந்தொகையாக ஆக்கப்பட்டு முதன்முதல் வெற்றிகண்டது ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமற்றிக் ஆகும். 1940 ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது 1939 இல் அறிமுகமாயிற்று. எனினும் நாற்சில்லு இயக்க வண்டிகளைத் தன்னியக்கம் சென்றடையக் காலம் பிடித்தது. 1963 ஆம் ஆண்டுக்குரிய ஜீப் வாகனீர் இத்துறையில் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது.

காரில் உள்ள பெட்டிக்கும் நாற்சில்லு இயக்க வண்டியில் உள்ள பெட்டிக்கும் உள்ள தலையாய வேறுபாடு பின்புறத்தில் உள்ளது. காரில் வெளியீட்டுத் தண்டு நீண்டு, ஒரு நெடுங்கூட்டினூடாகச் சென்று, பின்சில்லுகளுக்குச் செல்லும் சுழல்தண்டோடு நேரே இணையும். நாற்சில்லு இயக்க வண்டியிலோ விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் பகிர்வுப் பெட்டியொன்று இடையில் வருகிறது. அதனால் அங்கு வெளியீட்டுத் தண்டு குறுகியது; நெடுங்கூட்டுக்குப் பதிலாக ஓர் இணைப்புக்கூடு உண்டு. அகத்தேயுள்ள கிளச்சுகளும் பற்சில்லுகளும் பெரும்பாலும் காரில் உள்ளனவே.

இனி, அக்காலத்துப் பெயர்பெற்ற பெட்டிகளை ஒப்புநோக்குதல் தகும். கிறைஸ்லர் நிறுவனத்தின் ரோர்க்பிளைற் 727 என்பது 1962 இலும், ஜெனரல் மோட்டோர்ஸின் ரேர்போ ஹைட்ராமற்றிக் 400 என்பது 1964 இலும், போர்ட்டின் சி6 என்பது 1966 இலும், ஜெனரல் மோட்டோர்ஸின் சிறிய பெட்டியான 350 என்பது 1969 இலும் வந்தன. நான்கும் மூன்று முன்கியர்களை உடையன. முதற்கியரின் விகிதம் 727 இல் 2.45; சி6 இல் 2.46, 400 இல் 2.48, 350 இல் 2.52. இரண்டாங்கியரின் விகிதம் முறையே 1.45, 1.46, 1.48, 1.52. மூன்றாங்கியரில் நான்குக்கும் விகிதம் 1. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. ஹவர்ட் சிம்ப்சன் என்னும் பொறியியலாளர் வகுத்த, இரு கோட்பற்சில்லுத் தொகுதிகளுக்கும் பொதுவான நடுப்பற்சில்லைக் கொண்ட ஒழுங்கே இவற்றின் அடிப்படை. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பெட்டியிலுள்ள பற்சில்லை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் இடுதல் இயலாது. கொள்கையில் உடன்பிறந்தவை, அளவில் அயலாராயின. ஒரே நிறுவனத்தின் 350 உம் 400 உம் பெயரால் நெருங்கியவையாயினும் அவற்றின் உள்ளுறுப்புகளும் அவ்வாறே வேறுபட்டவை.

இதற்கு நேர்மாறான உண்மையும் உண்டு. ரோர்க்பிளைற் 727 டொட்ஜ் வண்டிகளில் மட்டுமன்றி, இன்ரர்நஷனல் நிறுவனத்தின் ஸ்கவுற் 2 வண்டியிலும், 1980 முதல் முழுவளவு ஜீப் வண்டிகளிலும் இடம்பெற்றது. அவற்றின் வெளிக்கூடுகளை அடுத்தடுத்து வைத்தால் ஒன்று மற்றதன் இடத்தைப் பெறாது என்பது கண்ணுக்கே புலனாகும். ஆயின் உள்ளேயிருக்கும் உருளைகள், தட்டுகள், பற்சில்லுகள் முதலியவற்றுட் பெரும்பாலானவை ஒரே அளவின. அவ்வாறே ரேர்போ ஹைட்ராமற்றிக் 400, ஜீப் வண்டியிலும் இருந்தது. றோல்ஸ் றொய்ஸ் சில்வர் ஷடோவிலும் இருந்தது. ஆகவே புறத்தோற்றம் ஒத்தவை அகத்தே வேறுபடலும், புறத்தே வேறுபட்டவை அகத்தே ஒத்தலும் உண்டு. இவற்றைப் பிரித்தறிதற்கு நான்கு சோதனைகள் உள.

முதலாவது முகப்புப் பற்றியது. இப்பெட்டிகளில் எஞ்சினோடு சேரும் மணி வடிவ முகப்பு, கூட்டோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டது. செவ்ரலே எஞ்சினின் திருகாணித் துளைகள் ஓரமைப்பின. பியூக், ஓல்ட்ஸ்மொபீல், பொன்ரியாக் எஞ்சின்களின் துளைகள் வேறோரமைப்பின. எனவே பியூக் காரின் 400 பெட்டி, இடைத்தகடின்றிச் செவ்ரலே பாரவண்டியிற் பூட்டப்பெறாது. ஆயினும் அதன் உள்ளுறுப்புகளைச் செவ்ரலே கூட்டுக்கு மாற்றலாம்.

இரண்டாவது தண்டு பற்றியது. தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டப்பட்ட தவாளிகளின் எண்ணிக்கையே அதற்குத் துணையாகும் உறுப்பை முடிவுசெய்கிறது. 350 இன் வெளியீட்டுத் தண்டுக்குத் தவாளிகள் 27; 400 இன் தண்டுக்கு 32. நியூ புறொசெஸ் 205 என்னும் வார்ப்பிரும்புப் பகிர்வுப் பெட்டி இரண்டுக்கும் உரியதாக ஆக்கப்பட்டதெனினும், அதன் உட்புகு பற்சில்லு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறானது. காரின் பெட்டியை நாற்சில்லு இயக்கத்துக்கு ஏற்றதாக்க விரும்புவோர் பின்கூட்டை மாற்றினாற் போதுமென்று கருதுவதுண்டு. நீண்ட தண்டை நீக்கிக் குறுந்தண்டை இடவேண்டும். அதன்பொருட்டு உட்பாகங்கள் யாவற்றையும் கழற்றவேண்டும். உட்புகு தண்டும் இத்தகையதே. 727 இல் 1966 வரை 19 தவாளிகளும் 1967 முதல் 24 தவாளிகளும் இருந்தன. பெயர் மாறவில்லை, அளவு மாறிற்று.

மூன்றாவது பம்பியும் முறுக்கு மாற்றியும் பற்றியது. 1965 முதல் 1967 வரையான பியூக், ஓல்ட்ஸ்மொபீல், கடிலாக் கார்களின் 400 பெட்டிகளில் முறுக்கு மாற்றியின் நடுத்தகடுகள் கோணம் மாறக்கூடியனவாக இருந்தன. அவற்றின் பம்பியும் உட்புகு தண்டும் அதற்கென அமைந்தவை. ஏனைய ஆண்டுகளின் உறுப்புகளோடு அவற்றைக் கலத்தலாகாது. பொருந்தும் முறுக்கு மாற்றியையுங்கூட அதன் இருப்பிடத்தில் முற்றாக அமர்த்துதல் இன்றியமையாதது. இரு தண்டுகளின் தவாளிகளோடும் பம்பியின் பற்சில்லோடும் அது ஒன்றன்பின் ஒன்றாகக் கவ்விக்கொள்ள வேண்டும். ஜெனரல் மோட்டோர்ஸ் பெட்டிகளில், எஞ்சினோடு பெட்டியைச் சேர்த்தபின் முறுக்கு மாற்றிக்கும் எஞ்சினின் வளைதகட்டுக்கும் இடையே 1/8 அங்குலம் முதல் 3/16 அங்குலம் வரை இடைவெளி இருத்தல் வேண்டும். இடைவெளியின்றி இறுகுமாயின் அது அமரவில்லை என்பதே பொருள். அந்நிலையிலும் திருகாணிகளை வலிந்து முறுக்குவோர், எஞ்சின் இயங்குமுன்னரே பம்பியை உடைத்துவிடுவர்.

நான்காவது எண்ணெயின் அழுத்தத்தை ஆளும் உறுப்புகள் பற்றியது. கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு இங்கேதான் உளது. எஞ்சின் தாங்கும் பாரத்தை 350 உம் 400 உம் சி6 உம் எஞ்சினின் வெற்றிடத்தினால் உணர்கின்றன. 727 ஓ காபுரேற்றரிலிருந்து வரும் ஓர் இணைகோலினால் உணர்கிறது. 727 ஐ வேறு எஞ்சினோடு சேர்ப்போர் அவ்விணைகோலைப் பொருத்தாது விடின் வண்டி ஓடத்தான் செய்யும்; கியரும் மாறும். ஆயின் அழுத்தம் குன்றிக் கிளச்சுத் தட்டுகள் வழுக்கி, விரைவில் எரிந்துபோம். வண்டியின் வேகத்தை அழுத்தமாக உணர்த்தும் உறுப்பும் இத்தகையதே. இலேசான காருக்கென அளவிட்டதைப் பாரவண்டியில் இட்டால் கியர் உரிய வேளையில் மாறாது. எண்ணெயின் வகையுங்கூடக் கருதற்பாலது. போர்ட் நிறுவனம் தன் பெட்டிகளுக்குப் பல்லாண்டுகளாக வகுத்திருந்த 'எப்' வகை எண்ணெயும், ஜெனரல் மோட்டோர்ஸின் டெக்ஸ்ரன் எண்ணெயும் உராய்வில் வேறுபட்டவை.

இந்நான்கோடு நாற்சில்லு இயக்க வண்டிக்கே உரிய எச்சரிக்கையொன்றும் உண்டு. கியர்ப்பெட்டியின் 'பார்க்' நிலை அதன் வெளியீட்டுத் தண்டை மட்டுமே பூட்டுகிறது. பின்னேயுள்ள பகிர்வுப் பெட்டி எதனோடும் பிணையாத நடுநிலையில் நின்றால் சில்லுகள் பூட்டப்படமாட்டா. கார்களிற் பழகியோர் இதனை மறந்து சரிவில் வண்டியை நிறுத்துதல் கேடாகும். கைத்தடுப்பை இடுதல் வேண்டும்.

பாகம் பொருந்தாதவிடத்து முழுப் பெட்டியையே மாற்றுதலும் ஒரு வழி. ஆக்கியோரே அவ்வழியை நாடியதுண்டு. 1953 ஓகஸ்ட் 12 ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவிலிருந்த ஹைட்ராமற்றிக் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. கார் உற்பத்தி நின்றுவிடாதிருக்கும்பொருட்டு, கடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் கார்கள் சிலவற்றில் பியூக்கின் டைனபுளோவும், பொன்ரியாக் கார்களில் செவ்ரலேயின் பவர்கிளைட்டும் பொருத்தப்பட்டன. ஒரே நிறுவனத்தின் பெட்டிகளாயினும், அவற்றை மாற்றிப் பூட்டுதற்குப் பொறியியலாளர் புதிய இணைப்புகளை வகுக்கவேண்டியிருந்தது.

பிற்காலத்தில் இவ்வினா புதிய வடிவம் பெற்றது. 1991 இல் வந்த 4எல்80-ஈ என்னும் பெட்டி பழைய 400 இன் வழித்தோன்றல். அதன் உறுப்புகள் சிலவற்றைப் பழைய பெட்டியில் இட்டு வலுவூட்டுவோர் உளர். ஆயின் அதன் கியர்களை மாற்றுவது எண்ணெயழுத்தம் மட்டுமன்று. மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியுமாகும். உலோகம் பொருந்தினாலும் அக்கருவியின் கணிப்பு வேறுபடின் பெட்டி செவ்வனே இயங்காது. பொருத்தம் என்பது அங்குலத்திலிருந்து எண் குறியீட்டுக்கும் விரிந்துவிட்டது.

எனவே பாகமாற்றத்தில் வல்லவர் எனப்படுவோர் துணிந்து மாற்றுவோரல்லர்; மாற்றுமுன் அளப்போரே. தவாளிகளை எண்ணுதல், துளைகளின் இடைத்தூரத்தை அளத்தல், வார்ப்பிலுள்ள இலக்கத்தைப் படித்தல், ஆண்டை உறுதிசெய்தல் ஆகிய இவை எளிய செயல்கள். ஆயினும் கண்டவுடன் ஒத்ததெனக் கொள்ளும் மனத்துக்கு அரியவை. புறூக்லண்ட்ஸில் மூன்று கார்கள் ஒரு குவியலிலிருந்து எழுந்தமைக்குக் காரணம், அவை தொழிற்சாலையிலேயே செம்மையாக அளக்கப்பட்டிருந்தமையாகும். அவ்வளவைத் தொழிற்சாலை செய்துதராதவிடத்துப் பழுதுபார்ப்போன் தானே செய்தல் வேண்டும். பெயரையும் உருவையும் நம்பாது அளவை நம்புதலே பொறிநுட்பக் கல்வியின் முதற்பாடம்.