கம்பி சொல்வது ஒன்று, பெட்டி கேட்பது வேறு

ஆடி பிறந்துவிட்டால் திருவண்ணாமலையை அடுத்த கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. கூழ் ஊற்றும் அம்மன் கோயில் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு மேடை, ஒரு மைக் செட், ஒரு பாட்டுக் கச்சேரி. அப்படியொரு குழுவில் என் அக்கா மகன் லீடு கிட்டார் வாசிக்கிறான். நாதஸ்வரம், புல்லாங்குழல், ஷெனாய் எல்லாம் கீபோர்டுக்காரர் பொறுப்பு. அவருக்கு இருப்பதோ இரண்டே கை. “நாதஸ்வர பிட்ட நான் கிட்டார்லயே குடுத்துடறேன்” என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு, சென்னையில் யாரிடமோ ஒரு பழைய கிட்டார் சிந்தசைசரை வாங்கி வந்துவிட்டான்.

நான் ஊருக்குப் போன அன்று மாடி அறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“மாமா, இந்தப் பொட்டிக்குக் காது சரியில்ல. கீழ் ஈ ஒண்ணு அடிச்சா லேட்டா வருது. வரும்போது மேல் ஈ-யா வருது. சில நேரம் நடுவுல ஒரு பீ வேற கூட வருது.”

வாசித்துக் காட்டினான். உண்மைதான். தடித்த கம்பியைத் தட்டினால் நாதஸ்வரக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தப்பான சுரத்தில் எடுத்தார். மெல்லிய கம்பிகளில் அவ்வளவு மோசமில்லை. கோளாறு எங்கே என்பதற்கான முதல் துப்பு இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், எந்தக் கட்டை என்பது அந்தக் கணமே கருவிக்குத் தெரியும். அது வெறும் சுவிட்ச். கிட்டாரில் சுவிட்ச் எதுவும் இல்லை. கம்பி அதிர்கிறது, அடியிலிருக்கும் பிக்கப் அந்த அதிர்வை மின்னலையாக்கி அனுப்புகிறது. அது எந்தச் சுரம் என்பதை அலையை அளந்து பெட்டியே கண்டுபிடித்தாக வேண்டும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒருவர் ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று தெரிய வேண்டுமானால், புறப்பட்ட இடத்துக்கே அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் சுற்று முடியுமுன் அடித்துச் சொல்ல முடியாது. கம்பியின் அதிர்வும் ஒரு சுற்றுதான். கிட்டாரின் கீழ் ஈ விநாடிக்கு 82.4 முறை அதிர்கிறது. ஒரு சுற்றுக்கு 12 மில்லிவிநாடி. மேல் ஈ 330 முறை. ஒரு சுற்றுக்கு 3 மில்லிவிநாடி. நிச்சயப்படுத்திக்கொள்ளப் பெட்டி இரண்டு சுற்று பார்த்தால், தடித்த கம்பிக்கு 24 மில்லிவிநாடி ஆகிவிடுகிறது, மெல்லிய கம்பிக்கு 6-தான். இது பெட்டியின் சோம்பேறித்தனம் இல்லை. என்ன விலை கொடுத்து வாங்கினாலும் சுற்று சுற்றுதான்.

24 மில்லிவிநாடி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் இது, ஸ்பீக்கரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் அப்படி நிற்கிறவர்கள் உண்டு, பழகிக்கொள்வார்கள். ஆனால் ஸ்பீக்கர் எல்லாக் கம்பிகளையும் ஒரே அளவுதான் தாமதிக்கும். சிந்தசைசரில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு தாமதம். ஒரே வீச்சில் தட்டிய கார்டு உதிரி உதிரியாக விழுவதும், பழகிய கை தடுமாறுவதும் அதனால்தான்.

தாமதத்துக்குப் பலரும், சுரத் தகவலை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் மிடி கேபிளைக் குறை சொல்வார்கள். அது அநியாயம். மிடி விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுகிறது. ‘இந்தச் சுரம், இவ்வளவு அழுத்தம்’ என்று சொல்ல 30 பிட் போதும். ஒரு மில்லிவிநாடிக்குள் வேலை முடிந்துவிடும். ஆறு கம்பிகளையும் சேர்த்துத் தட்டினால்கூட ஆறு மில்லிவிநாடியைத் தாண்டாது.

சரி, தாமதம் புரிகிறது. தப்பான சுரம் எப்படி வருகிறது? மறுபடி கிரிவலத்துக்கே போவோம். பாதையில் எட்டு லிங்கங்கள். ஊருக்குப் புதிய ஒருவரிடம், “லிங்கத்தைப் பார்த்தால் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், இந்திர லிங்கத்தில் கிளம்பியவர் அக்னி லிங்கத்திலேயே ‘ஆச்சு’ என்று உட்கார்ந்துவிடுவார். பெட்டிக்கும் இதே குழப்பம்தான். கம்பி ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கலந்தே எழும். தம்புராவில் யாரும் சேர்க்காத அந்தர காந்தாரம் காதில் விழுகிறதே, அது ஐந்தாவது மடங்கு. கிட்டாரில் இரண்டாம் மடங்கு ஓங்கினால் பெட்டி அரைச் சுற்றையே முழுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும். சுரம் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். மூன்றாம் மடங்கு ஓங்கினால் ஈ-க்கு மேல் ஸ்தாயி பஞ்சமம், அதாவது பீ. பையன் சொன்ன இரண்டு தப்பும் கணக்குப்படி சரியான தப்புகள்தான்!

இந்த மடங்குகளைப் பற்றிச் சொல்லும்போது சர் சி.வி. ராமனை விட்டுவிட முடியாது. ஒரு கம்பியை நட்ட நடுவில் மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் எழக்கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த விதி செல்லுபடியாகவில்லை, அவற்றின் பரந்து வளைந்த குதிரையே காரணம் என்று அவர் 1921-ல் எழுதினார். கிட்டாரின் குதிரை, அதாவது பிரிட்ஜ், அப்படிப்பட்டதல்ல. அங்கே பழைய விதி பெரும்பாலும் செல்லும். எனவே எங்கே மீட்டுகிறோம் என்பதே பெரிய செட்டிங். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் மடங்குகள் கூத்தாடும், பெட்டி திணறும். கழுத்துப் பக்கம் நகர்ந்து மீட்டினால் அடிப்படை அதிர்வு தெளியும். “பிக்கை நாலு விரல்கடை தள்ளிப் பிடி” என்றேன். பாதி மேல் ஈ அப்போதே காணாமல் போயிற்று. பெட்டியை இன்னும் தொடவே இல்லை.

மீதி வேலைக்கு அன்றைய சாயங்காலம் முழுக்கப் போயிற்று. முதலில் பிக்கப்பின் உயரம். சிந்தசைசருக்கென்று தனிப் பிக்கப் உண்டு. பிரிட்ஜ் ஓரமாக ஒட்டி, ஆறு கம்பிக்கும் ஆறு தனிக் கண்ணாக, 13 பின் கேபிளில் ஒவ்வொரு கம்பியின் அலையையும் தனித்தனியே அனுப்பும். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்தினால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி இருக்க வேண்டும். அளக்க என்ன இருக்கிறது? ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். அதோடு ஒரு விசிட்டிங் கார்டைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தோம். தடித்த கம்பிப் பக்கம் இரண்டு கார்டும் கலகலவென்று ஆடின; மெல்லிய பக்கம் ஒன்றே இறங்கவில்லை. பிக்கப் சாய்ந்து கிடந்திருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் அந்த இரண்டு ஸ்குரூவை வாழ்நாளில் தொட்டதில்லை போலும்.

அடுத்து சென்சிட்டிவிட்டி. ஆறு கம்பிக்கும் ஆறு மீட்டர் திரையில் வரும். ஒவ்வொரு கம்பியையும் மேடையில் அடிக்கிற உச்ச பலத்தோடு அடித்து, முள் விளிம்பை எட்டாமல் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் பக்கத்துக் கம்பி ஆடுவதைக்கூட ‘வாசித்தான்’ என்று எடுத்துக்கொண்டு பேய்ச் சுரங்கள் எழும். குறைத்தால் மெதுவாக மீட்டியது விழாது. எல்லாக் கம்பிக்கும் ஒரே எண் போட்டுவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். அதன்பின் பெட்டியிடம் கிட்டாரின் கம்பி நீளமும், பிக்கப் பிரிட்ஜிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதும் சொல்ல வேண்டும். ஸ்கேலை எடுத்து அளந்து போட்டான்.

கம்பிகளைப் பார்த்தேன். ஆறு மாதமாக மாற்றவில்லை என்றான். வியர்வையும் துருவும் ஏறிய கம்பி நீளவாக்கில் ஒரே கனமாக இருக்காது. அதன் மடங்குகள் சரியான மடங்குகளாகவே விழாது. அந்த அலையில் சுற்று எங்கே முடிகிறது என்று எந்தக் கணினியாலும் தேட முடியாது. புதுக் கம்பி மாட்டியதும் வந்த வித்தியாசம், மெனுவுக்குள் ஒரு மணி நேரம் துழாவியதில் வந்ததைவிட அதிகம்.

தாமதம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு ஒரே வழி சுற்றைச் சுருக்குவது. சிந்தசைசரில் ஒலியை ஒரு ஸ்தாயி இறக்கிவிட்டு, கையால் ஒரு ஸ்தாயி மேலே வாசிப்பது. கேட்கிறவருக்கு அதே சுரம். பெட்டி அளப்பதோ 12-க்குப் பதில் 6 மில்லிவிநாடிச் சுற்று. பேஸ் பகுதியைச் சிந்தசைசரில் தருகிறவர்களும் மெல்லிய கம்பியில் வாசித்து இறக்குவதுண்டு.

இந்தச் சிக்கலோடு பெரிய கம்பெனிகளே மல்லுக்கட்டியிருக்கின்றன. ஜப்பானின் ரோலண்ட் ஜிஆர்-500-ஐக் கொண்டுவந்த அதே 1977-ல், அமெரிக்காவின் ஆர்ப் நிறுவனம் ‘அவதார்’ என்ற பெயரிலேயே ஒரு கிட்டார் சிந்தசைசரை இறக்கியது. அவதாரம் எடுபடவில்லை. பணத்தைக் கொட்டிய ஆர்ப் 1981-ல் மூடப்பட்டது. 1980-ல் ரோலண்டின் ஜிஆர்-300 வந்தது. மிடி என்பதே பிறக்காத காலத்துக் கருவி அது. கம்பியின் சுருதியை மின்னழுத்தமாக்கி நேராக ஒலியெழுப்பும் பகுதிக்கே கொடுத்துவிடும். கிட்டார் கலைஞர் பாட் மெத்தனி அதைக் கையில் எடுத்தார், 1982-ன் ‘ஆஃப்ராம்ப்’ தொகுப்பில் எக்காளம் போல ஒலிக்கவிட்டார். புதுப் பெட்டிகள் எத்தனையோ வந்த பிறகும் அதை அவர் விடவில்லை. பிரிட்டனின் சிந்தாக்ஸ் வேறு வழியில் போனது: சுருதியை அளக்கவே வேண்டாம், விரல் எந்த ஃபிரெட்டில் இருக்கிறது என்று மின்தொடர்பிலேயே தெரிந்துகொள்வோம் என்று. ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் போன்ற கிட்டார் கலைஞர்கள் சிலர் கொண்டாடினார்கள். விலை மற்றவர்களை நெருங்கவிடவில்லை.

நமக்கு இருக்கும் கூடுதல் தலைவலி கமகம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நமக்கு அக்கம்பக்கமாக இருந்த ராணிப்பேட்டையில் பிறந்த கிட்டார் பிரசன்னா, கம்பியை இழுத்தும் வழுக்கியும் கர்நாடக ராகங்களைக் கிட்டாரில் கொண்டுவருவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அங்கே சுரம் புள்ளி இல்லை, கோடு. ‘சக்தி’ குழுவில் விக்கு விநாயக்ராமோடு வாசித்த ஜான் மெக்லாஃப்லின், 2007-ல் சென்னையில் நம்மூர்க் கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்த ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’ தொகுப்பில் கிட்டார் சிந்தசைசரை வாசித்திருக்கிறார். அது சறுக்கிப் போவதைக் கேட்டால், சரியாகப் பூட்டிய பெட்டி என்ன செய்யும் என்பது விளங்கும்.

பையனின் பெட்டியில் ‘குரோமாட்டிக்’ என்ற செட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. எந்த அலை வந்தாலும் பக்கத்து அரைச்சுரத்துக்குத் தள்ளிவிடும். பியானோ ஒலிக்கு அது நல்லது. நாதஸ்வரத்துக்கு அது கொலை. தோடியின் காந்தாரத்தை அசைத்தால் படிக்கட்டில் உருண்ட பாத்திரம் மாதிரி கேட்டது. அதை அணைத்தோம். இப்போது கமகம் வந்தது, ஆனால் அளவு தவறி வந்தது: இரண்டு அரைச்சுரம் இழுத்தால் ஒன்றுகூட ஏறவில்லை. நாதஸ்வர டோன் கீபோர்டுக்குள் இருக்கிறது; மிடி வழியாக அதை இயக்குகிறான். பெட்டியில் பெண்ட் ரேஞ்ச் 12 அரைச்சுரம். கீபோர்டிலோ வழக்கமான 2. இரண்டு அரைச்சுர இழுப்பைப் பெட்டி ‘முழு வீச்சில் ஆறில் ஒரு பங்கு’ என்று சொல்கிறது. கீபோர்டு தன் இரண்டில் ஆறில் ஒரு பங்கை, அதாவது ஒரு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கை, எடுத்துக்கொள்கிறது. கீபோர்டிலும் 12 வைத்ததும் காந்தாரம் காந்தாரமாக அசைந்தது. மிடியில் இந்த இழுப்புக்கு 16,384 படிகள். மேலும் கீழுமாக 12 வைத்தாலும் ஒரு அரைச்சுரத்துக்கு 680-க்கு மேல் படிகள் கிடைக்கின்றன. தோடிக்கே அது தாராளம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கச்சேரி. மேடையேறி எல்லாவற்றையும் மாட்டியதும், யாரும் கம்பியைத் தொடாமலேயே நாதஸ்வரம் ஒரு ஜி எடுத்தது. முன்வரிசையில் பாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் என்னைப் பார்த்தான். நான் மேடையைப் பார்த்தேன். அவன் முதுகுக்குப் பின்னாலேயே லைட்காரரின் கனத்த டிரான்ஸ்பார்மர், அதன்மேல் சுருட்டிப் போட்ட சீரியல் செட் வயர். நம் மின்சாரத்தின் அதிர்வு 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸ், ஆறாம் கம்பியின் ஜி-க்குச் சற்று மேலே நிற்கிறது. காந்தப் பிக்கப் அதைக் கம்பி என்றே நம்பிவிட்டது.

“தம்பி, அந்தப் பக்கம் போய் நில்லு” என்றேன். பேடு வாசிக்கிறவரை இடம் மாறச் சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனான். ஆறாம் கம்பியின் சென்சிட்டிவிட்டியை இரண்டு எண் குறைத்தான். ஜி நின்றது. கீபோர்டுக்காரர் தலையாட்ட, முதல் பாட்டு சாமி பாட்டு, நாதஸ்வரத்தில் ஆரம்பம்.